ஏழு வீட்டில் இல்லை

மந்தாரம்பட்டியில் எண்ணத் தெரியாத பிள்ளைகள் அதிகம் என்று பேச்சு. எத்தனை பேர் என்று மட்டும் யாருக்கும் சொல்ல வரவில்லை. பிள்ளைகள் பத்து வரை சொல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடிப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவதாகத் தகவல் வந்தது. உலகம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக் குழுத் தலைவி அவள்தான். மூடினால் ஓடை தாண்டி நடக்கவேண்டியது அவள் மகள்தான்.

எஸ்தர் டீச்சர் கூட்டம் போட்டார். பள்ளிக்கூடம் மட்டும் பாடுபட்டால் போதாது, ஊரும் கைகொடுக்க வேண்டும், ஆளுக்கு ஒரு எண்ணையாவது வீட்டில் சொல்லிக்கொடுங்கள் என்றார்.

ஊர் அன்றைக்கே எண்களைப் பங்கிட்டுக்கொண்டது. உலகம்மாளுக்கு எட்டு. பத்து கிடைத்த வீட்டுக்காரர் அதன்பிறகு யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. சைபர் கிடைத்த மாடக்கண்ணு பிள்ளைகளை உட்காரவைத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார். பாடம் ஒழுங்காக நடந்தது அவர் வீட்டில்தான்.

எல்லாம் சரியாக வந்துகொண்டிருந்தபோது, ஏழுக்குச் சொந்தக்காரியான சீனித்தாய், தன் மகளின் பிரசவத்துக்காகச் சிவகாசி போய்விட்டாள். வீடு பூட்டிக் கிடந்தது. மறுநாள் பிள்ளைகளைச் சோதிக்கக் கல்வி அதிகாரி வருகிறார்.

டீச்சர், தானே ஏழு சொல்லிக்கொடுத்துவிடுவதாகச் சொன்னார். உலகம்மாள் பதறிவிட்டாள்.

"அடுத்தவ பொருளு டீச்சர். அவ வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?"

பூட்டை உடைக்கலாமா என்று யோசித்தார்கள். உடைத்தால் ஏழோடு மற்ற சாமான்களும் போய்விடும் என்று ஒருவர் தடுத்தார்.

"நீ ஒரு படி இறங்கி ஏழா இரேன் தாயி," என்றார் மாடக்கண்ணு.

"எட்டுக்கு வந்தவள இறங்கச் சொல்றீரே. நீரு ஏறுமேன்."

அவர் ஏறுவதானால் ஒன்றிலிருந்து ஒவ்வொரு வீடாகக் கேட்டுவர வேண்டும். விடிந்துவிடும் என்று விட்டுவிட்டார்கள்.

அதிகாரி வந்தார். பிள்ளைகள் வரிசையாக நின்று கணீரென்று சொன்னார்கள்.

"நாலு, அஞ்சு, ஆறு, பூட்டியிருக்கு, எட்டு…"

"ஆறுக்கு அப்புறம் என்ன?" என்றார் அதிகாரி.

"பூட்டியிருக்கு சார்."

"ஏழு," என்றார் அவர்.

உலகம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பூட்டு பூட்டினபடி இருக்கிறது. இவர் கையில் ஏழு எப்படி வந்தது?

"சீனித்தாயி உங்களுக்குச் சொந்தமா சார்?"

இல்லை என்றார்.

"சரி, எடுத்தது எடுத்துட்டீக. அவ வர்ற வரைக்கும் நீங்கதான் பாத்துக்கிடணும்."

நாற்காலியை அவளே தூக்கிப்போய்ப் பூட்டிய வீட்டு வாசலில் போட்டாள். பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். பள்ளிக்கூடத்தை மூட அவர் ஊர் திரும்பிக் கையெழுத்துப் போடவேண்டும். அதற்கு இங்கே ஏழுக்கு மாற்று ஆள் வேண்டுமே.

நாலாம் நாள் அவர் மனைவி போனில் கூப்பிட்டு எப்போது வருவீர்கள் என்று கேட்டார்.

"எப்படி வர்றது?" என்றார் அதிகாரி. "நான் கிளம்பிட்டா ஊர்ல ஏழு இருக்காது."