நன்றாக இருந்த நாட்கள்

மலையடிவாரத்து ஆசிரமம் ஒன்றில் குருவம்மா தியானம் கற்றுத்தந்தார். அவருடைய சீடன் பொன்னையன், தாயில்லாத மகள் மாதங்கியோடு அங்கேயே ஒரு குடிலில் தங்கியிருந்தான்.

மாதங்கிக்கு ஆஸ்துமா. டாக்டர் இரண்டு இன்ஹேலர் கொடுத்திருந்தார். ஒன்று, இழுப்பு வராமல் தடுக்க, தினமும். நீல நிறத்தில் இருந்த மற்றொன்று, இழுப்பு வந்தால் மட்டும்.

சில மாதங்களில் மாதங்கி மற்ற பிள்ளைகளோடு ஓடியாடத் தொடங்கினாள். இருமல்கூட இல்லை. பொன்னையன் தினப்படி மருந்தை நிறுத்திவிட்டான்.

மழைக்காலம் வந்தது. மாதங்கிக்குச் சளி பிடித்தது. அன்று மதியமே மூச்சு இழுக்க ஆரம்பித்தது. விலாவில் தோல் உள்வாங்கியது. 'அப்பா' என்று சொல்லவே அவளுக்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது.

பொன்னையன் அவளைத் தூக்கிக்கொண்டு குருவிடம் ஓடினான்.

"அம்மா, இவள் நெஞ்சில் கை வையுங்கள். ஒரு மந்திரம் சொல்லுங்கள்."

"நீல மருந்து எங்கே?"

"குடிலில்..."

"ஓடு. அதோடு மாட்டுகிற, முகமூடி வைத்த குழாயையும் எடுத்து வா. ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கொண்டுவரச் சொல்."

குரு மாதங்கியை நிமிர்த்தி உட்காரவைத்தார். பொன்னையன் கொண்டுவந்ததும் குழாயை அவள் முகத்தில் பொருத்தி மருந்தை அழுத்தினார்.

"மெதுவா இழு கண்ணு. விடு. மறுபடி இழு."

வண்டியிலும் அவர் மடியில்தான் அவள் சாய்ந்திருந்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து மாதங்கி இட்லி சாப்பிட்டாள். வராந்தாவில் பொன்னையன் தலை குனிந்து நின்றான்.

"தினமும் தர வேண்டியதை நிறுத்தியதால்தான் இப்படி என்கிறார் டாக்டர். எனக்குப் புரியவில்லை அம்மா. நன்றாக இருக்கிற பிள்ளைக்கு எதற்கு மருந்து?"

குரு அவனைப் பார்த்தார்.

"ஆசிரமத்துக்கு வந்த புதிதில் நீ எப்படி இருந்தாய்?"

"தொட்டதற்கெல்லாம் கோபம் வரும். கை ஓங்கிவிடுவேன்."

"இப்போது?"

"வருவதில்லை அம்மா. தினமும் தியானத்தில் உட்காருகிறேனே."

"கோபம்தான் போய்விட்டதே. தியானத்தை எப்போது நிறுத்தப்போகிறாய்?"

பொன்னையன் உள்ளே போய், நர்ஸிடம் அந்தத் தினப்படி மருந்தைக் கொடுக்கும் முறையை மறுபடி ஒருமுறை காட்டச் சொன்னான்.