துரை பிடித்த டிரவுட்

நம்புகிறவர்கள் நம்புங்கள். எங்கள் நீலகிரி எஸ்டேட் துரைக்குத் தூண்டில் புதுசு. அணையில் பகலெல்லாம் நின்றும் ஒரு டிரவுட் மீன்கூடச் சிக்கவில்லை. விருந்துக்கு வருகிறவர்களிடமோ பெரிய மீன் பிடித்ததாகப் பீற்றியாகிவிட்டது.

"நான் பிடிச்சேன்னு அவங்களை நம்பவை. இல்லேன்னா உனக்கு வேலை கிடையாது" என்றார், சமையல்கார ஜோகியிடம்.

விருந்தில் அணையின் சீஃப் இஞ்சினியர் ஜோகியிடம் கேட்டார்: "மீன் எங்கேப்பா?"

"துரை தூக்கினாருங்க. தூக்கினதும் அணைத் தண்ணி நாலடி இறங்கிப்போச்சு. டூட்டியில இருந்த நம்ம இஞ்சினியர் ஐயா ஓடிவந்து கெஞ்சினாருங்க. திரும்ப விட்டுட்டோம்."

சீஃப் சிரித்துக்கொண்டே பக்கத்திலிருந்த அணை இஞ்சினியரிடம் திரும்பினார். "அப்படியாய்யா?"

துரை தூண்டில் போட்ட அன்று இஞ்சினியர் டூட்டிக்கே வராமல் குதிரைப் பந்தயத்துக்குப் போயிருந்தார். அது ஜோகிக்குத் தெரியும்.

இஞ்சினியர் ஜோகியை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாலடி இல்லை சார், மூணடிதான்."