கிழக்குப் பார்த்த அடுப்பு

ஆவுடையப்பன் ஏழாவது முறையாக வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மலையடிவாரத்து மடத்துக்கு வந்து சேர்ந்தார். முந்தைய ஆறு படங்களும் திரும்பிப் போயிருந்தன. முப்பது வருஷம் அரசாங்க எஞ்சினியராகப் பாலம் கட்டிய மனிதர். ஆற்று வெள்ளம்கூட அவர் வேலையில் குறை சொன்னதில்லை. வடிவம்மை சொல்லிவிட்டார்.

வடிவம்மைதான் அவருடைய குரு. வயதில் அவரைவிட இருபது குறைவு. தான் பேசுவதைவிட அடுத்தவரைப் பேசவிட்டுக் கேட்பார். அந்தக் குணத்துக்காகத்தான் ஆவுடையப்பன் அவரைத் தேடி வந்தது. இப்போது அதை நினைத்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விஷயம் ஓர் அடுக்களை. கிராமத்தில் தோட்டத்துக்கு நடுவே அவர் வீடு கட்டிக்கொண்டிருந்தார். மற்ற அறைகளெல்லாம் எழும்பிவிட்டன, அடுக்களை மட்டும் அஸ்திவாரத்தோடு நின்றது. மனைவி காந்திமதி அந்த வீட்டுக்கு வர மாட்டேன் என்று மகள் வீட்டிலேயே தங்கிவிட்டாள்.

"நீங்க போய் இருங்க. இன்னொரு அடுக்களையில என்னால நிக்க முடியாது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அவள் இல்லாமல் அந்த வீட்டில் ஒரு வாரம்கூட இருக்க முடியாது என்று ஆவுடையப்பனுக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக அடுக்களையைப் பெரிதாக்கினார். வருகிறவர்கள் அங்கேயே உட்கார்ந்து பேசிச் சிரிக்க வேண்டும் என்று பன்னிரண்டு பேருக்கு மேசை போட்டார். புகைபோக்கி வைத்தார். குனியாமல் பாத்திரம் எடுக்க இழுப்பறைகள் வைத்தார். படத்துக்குப் படம் ஏதாவது ஒன்று கூடியது.

ஒவ்வொரு முறையும் குரு கேட்டது ஒன்றுதான். சமைக்கிறவர் எங்கே நிற்பார்? ஆவுடையப்பன் தென்கிழக்கு மூலையைத் தொட்டுக் காட்டுவார். எந்தப் பக்கம் பார்த்து? கிழக்கே பார்த்துத்தான், நம் வழக்கம் அதுதானே என்பார். மேசை? மேசை மேற்கே, நல்ல விசாலமாக.

"இன்னும் முடியலை" என்று குரு படத்தைத் திருப்பிக் கொடுப்பார்.

ஏழாம் முறை ஆவுடையப்பன் பொங்கிவிட்டார். "எது முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா அம்மா? நானும் மனுசன்தானே?"

குரு படத்தை விரிக்கவே இல்லை. "இன்னைக்கு மடத்துல சொதிக் குழம்பு. நீங்க வையுங்க" என்றார்.

எரிச்சலோடுதான் ஆவுடையப்பன் சமையல் கொட்டகைக்குள் போனார். அடுப்பு கிழக்குச் சுவரை ஒட்டி இருந்தது. காய்கள் நறுக்கித் தயாராக இருந்தன, தேங்காய்ப்பாலும் பிழிந்து வைத்திருந்தது. பக்கத்தில் நின்று குரு முறை சொன்னார். தண்ணிப்பாலில் காய் வேக வேண்டும், கெட்டிப்பால் கடைசியில். விடாமல் கிண்ட வேண்டும். பொங்கிக் கொதித்தால் திரிந்து போகும். கண்ணை எடுக்கக் கூடாது.

சொல்லிவிட்டு அவரும் மடத்துக்காரர்களோடு பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். ஆறு பேர் இருந்தார்கள். பேச்சு ஆரம்பித்தது.

முதலில் மழையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு மடத்தில் தண்ணீர் பாய்ச்சும் சங்கிலிபூதம், ஆவுடையப்பன் முதன்முதலாக மடத்துக்கு வந்த நாளைச் சொல்ல ஆரம்பித்தார். வாய்க்கால் பாலத்தை ஜாண் வைத்து அளக்கப் போய் எஞ்சினியர் வேட்டியோடு உள்ளே விழுந்த கதை. ஒரே சிரிப்பு. சங்கிலிபூதம் கையால் என்னவோ நடித்துக் காட்டுகிறார் போலிருக்கிறது, சிரிப்பு இன்னும் கூடியது. ஆவுடையப்பன் திரும்பிப் பார்க்கப் போனார்.

"பால் திரிஞ்சிரும்" என்றது குருவின் குரல்.

அப்படி நடக்கவே இல்லை, வழுக்கியது கல், என்று ஆவுடையப்பன் சுவரிடம் சொன்னார். யார் காதிலும் விழவில்லை. மறுபடி சொன்னார். யாரோ, "உப்பு பாத்துப் போடுங்க" என்றார்கள். பேச்சு வேறெங்கோ போய்விட்டது. நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது. எதிரே காரை பெயர்ந்த ஓர் இடம். அரைமணி நேரமாக அதையேதான் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் இன்னொரு சிரிப்பு எழுந்தது. இந்த முறை எதற்கென்றே தெரியவில்லை.

கரண்டியைப் பட்டென்று வைத்தார்.

"இங்க ஒரு ஆள் நிக்கான்னு யாருக்காவது நெனப்பு இருக்கா? எல்லாரும் கூடி உக்காந்து சிரிப்பீங்க, நான் மட்டும் இந்தச் செவத்தப் பாத்துக்கிட்டு…"

குரு எழுந்து வந்து அடுப்பை அணைத்தார்.

ஆவுடையப்பன் படத்தைத் தரையில் விரித்து உட்கார்ந்தார். சுவரோரத்து அடுப்பைப் பென்சிலால் அடித்துவிட்டு அறையின் நடுவுக்கு மேடையோடு கொண்டுவந்தார். மேசையை மேற்கிலிருந்து எடுத்துக் கிழக்கே போட்டார். இப்போது சமைக்கிறவர் கிழக்கே பார்க்கலாம், எதிரே உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு முகங்களையும் பார்க்கலாம். வழக்கமும் கெடவில்லை. பாத்திரம் கழுவும் இடத்தைக் கைக்கெட்டும் தூரத்துக்கு மாற்றினார். தன்மேல் அவருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

படத்தை எடுத்துப் போய்க் குருவின் முன் வைத்தார்.

"இப்ப முடிஞ்சிட்டா அம்மா?"

குரு வெகுநேரம் பார்த்தார். மேசையைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று தலையை ஆட்டினார். ஆவுடையப்பனுக்கு மூச்சு வந்தது.

"ஏழு படம் கொண்டாந்தீங்க, இப்பத் திருத்துனது எட்டு" என்றார் குரு. "இதுல காந்திமதி எத்தனையப் பாத்தாங்க?"

ஆவுடையப்பன் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மகள் வீட்டுக்குப் புறப்பட்டார்.