காத்தாயியின் பாட்டும் எழுபது எழுத்தும்

அநியாயம் நடந்தது கிராமத்தில் ஒப்பாரி பாடும் காத்தாயிக்கு. அவள் பாடிக்கொடுத்த முப்பத்தெட்டு ஒப்பாரிகளையும் ஒரே ஒரு கணினிக் கட்டளை பத்தி பத்தியாக இறுக்கிவிட்டது.

கட்டளையைத் தட்டியவள், அந்த ஒப்பாரிகளைத் திரட்டி ஆய்வேடு எழுதும் அங்கயற்கண்ணி. ஆனால் அவள் அப்படிச் சொல்லவில்லை. உன் கருவிதான் பாழாக்கியது என்று ஜெசிந்தாவிடம் சண்டைக்கு வந்தாள்.

ஜெசிந்தா அவளைவிட இரண்டு வயது இளையவள். கறுப்புத் திரையில் நாலு சொல் தட்டி ஆய்வேடுகளை அழகாக்கித் தருவதால் விடுதியில் அவளுக்குக் குரு என்று பெயர். இந்தக் கட்டளையையும் அவள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். சிதறிக் கிடக்கும் வரிகளை அது ஒட்டும். எழுபது எழுத்துக்கு ஒருமுறை மடக்கும்.

ஆய்வேட்டின் முன்னுரை அதில் அழகாக வந்தது. அந்த ஆசையில் அங்கயற்கண்ணி பாட்டுகளையும் அதற்குள் தள்ளினாள். பழைய கோப்புகளின் மேலேயே சேமித்தாள்.

புதன்கிழமை ஆய்வேடு கொடுக்க வேண்டும். பாடினது பாடினபடியே வரும் என்று காத்தாயிக்கு வாக்கு வேறு கொடுத்திருந்தாள்.

"ஒப்பாரிக்கும் ஆபீஸ் சுற்றறிக்கைக்கும் வித்தியாசம் தெரியாததை எல்லாம் ஒரு கருவின்னு கொடுப்பியா? பதில் சொல்லுங்க குருவே."

குரு கடலைமிட்டாயை நீட்டினாள்.

உன் தயவே வேண்டாம், நோட்டைப் பார்த்து மறுபடி டைப் அடித்துக்கொள்கிறேன் என்று அங்கயற்கண்ணி களநோட்டை வெளியே எடுத்தாள்.

ஜெசிந்தா அதைப் பிடுங்கினாள். நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். பிறகு அங்கயற்கண்ணியின் கைபேசியில் இருந்த காத்தாயியின் பதிவை ஓடவிட்டு, ஹெட்போனை அவள் தலையில் மாட்டினாள்.

"கேட்டு அடிங்கக்கா."

கேட்டதைத்தானே நோட்டில் எழுதினேன் என்று அங்கயற்கண்ணி அரைமணி நேரம் வாதாடினாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

வேறு வழியில்லாமல் அடித்தாள்.

காத்தாயி ஒரு மூச்சுக்கு ஒரு வரி பாடினாள். 'மகளே' என்ற இடத்தில் அந்த ஒரு சொல்லோடு குரல் நின்றுபோனது. அடுத்த வரியோ முடிகிற வழியாயில்லை, நீண்டுகொண்டே போனது.

மூன்றாவது பாட்டில் அங்கயற்கண்ணியின் விரல்கள் தயங்கின. நோட்டைக் கேட்டாள். இந்த முறை ஜெசிந்தா மறுபேச்சில்லாமல் எழுந்து கொடுத்தாள்.

நோட்டில் எல்லா வரியும் ஒரே நீளம். தாளின் ஓரம் இடித்த இடத்திலெல்லாம் அவளே வரியை மடக்கியிருந்தாள். 'மகளே' எங்கோ ஒரு வரியின் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது.

அவள் நோட்டை மூடித் தள்ளிவைத்தாள்.

"சரி குருவே. எத்தனை எழுத்துக்கு ஒருதரம் மடக்கணும்?"

"அந்தம்மாவுக்கு மூச்சு எவ்வளவோ, அவ்வளவுக்கு."