வாய் திறக்கக் கூடாத புல்வெளி

குளத்துக்கு மேற்கே அகன்ற புல்வெளி ஒன்று இருந்தது. அங்கே கரடி விளாங்காய் அடித்தது. மந்திகள் தட்டு எறிந்தன. ஆட்காட்டிப் பறவை முட்டையிட்டது. மூன்றும் ஒரே நிலத்தில் நடந்தன.

கரடியின் ஆட்டம் பழையது. வளைந்த வேர்க்கட்டையால் விளாங்காயை அடித்து உருட்டி, தொலைவில் உள்ள குழிக்குள் சேர்க்க வேண்டும். குழி இருக்கும் இடம் தெரிவதற்காக ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு மயிலிறகு நட்டிருக்கும். யார் குறைந்த அடிகளில் சேர்க்கிறாரோ அவருக்கே வெற்றி. பெருங்கையன் என்ற அந்தக் கரடியின் பாட்டனும் அதே வெளியில்தான் ஆடியது. அந்தச் செய்தியைப் பெருங்கையன் யாரையும் ஒருநாளும் மறக்க விட்டதில்லை.

மந்திகளின் ஆட்டம் புதியது. முற்றிக் காய்ந்த சுரைக்குடுக்கையின் அடியை வட்டமாகக் கடித்தெடுத்தால் ஒரு தட்டு கிடைக்கும். அதைச் சுழற்றி எறிந்து, மரக்கிளையில் தொங்கும் கொடிக்கூடைக்குள் விழச் செய்ய வேண்டும். தட்டு நேராகப் போகாது. கொஞ்ச தூரம் போகும். பிறகு காற்று சொல்லும் பக்கம் திரும்பிவிடும்.

செம்மூக்கி என்ற ஆட்காட்டிக்கு ஆட்டம் எதுவும் இல்லை. அதற்கு இருந்தவை நான்கு முட்டைகள். வெட்டவெளித் தரையில், கூழாங்கற்களோடு கூழாங்கற்களாக அவை கிடந்தன. கூடு என்று சொல்ல ஒரு துரும்புகூட இல்லை. துணைப் பறவையை அந்தக் கோடையில்தான் வல்லூறு கொண்டுபோயிருந்தது. ஆகவே அந்த முட்டைகளுக்கு வேலியும் கதவும் காவலும் செம்மூக்கியின் குரல் ஒன்றுதான்.

புல்வெளியில் ஒரு வழக்கம் இருந்தது. காய் அடிப்பவரும் தட்டு எறிபவரும் முதலில், "ஓரம்! ஓரம்!" என்று கூவ வேண்டும். எதிரே இருப்பவர் ஒதுங்கிக்கொள்வார். ஒதுங்க முடியாத செம்மூக்கி பதிலுக்குக் கத்தும். அது கத்தினால் ஓங்கிய கை இறங்க வேண்டும். இந்த வழக்கம் இருந்தவரை அந்த வெளியில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

ஒருநாள் பெருங்கையன் கடைசிக் குழியின் அருகே நின்றது. காய்க்கும் குழிக்கும் இடையே ஒரு முழ தூரம்தான். கண்ணை மூடிக்கொண்டு தள்ளினாலும் விழுந்துவிடும். பின்னால் முள்ளம்பன்றி நின்றது. பெருங்கையனின் கட்டைகளை முட்களில் செருகிச் சுமப்பது அதன் வேலை. பெருங்கையனைப் புகழ்வது அதன் பிழைப்பு.

கரடி கட்டையை ஓங்கியது. அந்த நேரம் பார்த்துப் புதருக்கு அப்பால் ஒரு மந்தி, "ஓரம்! ஓரம்!" என்று கூவியது. செம்மூக்கியும் கத்தியது. விளாங்காய் குழியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு ஓடி, மணற்பள்ளத்தில் விழுந்தது.

"பார்த்தாயா?" என்றது கரடி.

"பார்த்தேன் ஐயா. தாங்கள் அடித்தது குழிக்குத்தான். இடையில் வந்த கத்தல்தான் காயைத் தட்டிவிட்டது" என்றது முள்ளம்பன்றி.

கரடி அதை உண்மையென்றே நம்பியது. மந்திகளின் தலைவனான நெட்டைவாலன் இருந்த மரத்தடிக்குப் போய் நின்றது.

"நெட்டைவாலா, கீழே இறங்கு."

"இங்கிருந்தே கேட்கிறது பெரியவரே. சொல்லுங்கள்."

"என் பாட்டன் ஆடிய காலத்தில் இந்த வெளியில் இலை விழுந்தால்கூடக் கேட்கும்."

"கேட்காமல் என்ன? உங்கள் பாட்டன் தனியாக ஆடியிருப்பார். அவரிடம் தோற்கவும் ஆள் இல்லை. அவர் தோற்பதைப் பார்க்கவும் ஆள் இல்லை."

கிளைகளில் இருந்த மந்திகளெல்லாம் சிரித்தன. கரடியின் பிடரி மயிர் சிலிர்த்தது.

"இது காய் அடிக்கிற வெளி. சுரை ஓட்டைத் தூக்கி எறிகிற கூத்துக்கு இங்கே இடம் கொடுத்ததே என் தவறு."

"இடம் கொடுக்க இது உங்கள் குகையா? நீங்கள் தோண்டி வைத்த குழிகளில் எங்கள் குட்டிகள் இடறி விழுகின்றன. அதற்காக நாங்கள் என்றாவது கத்தினோமா?"

"கத்துவதைத்தான் சொல்கிறேன். அதை நிறுத்து!"

நெட்டைவாலன் நிறுத்தவில்லை. கரடி இரண்டு கூடைகளைக் கிழித்தெறிந்தது. மந்திகள் மயிலிறகுகளைப் பிடுங்கி வேறு இடங்களில் நட்டன. அதனால் குழியே இல்லாத இடத்தைக் குறிவைத்துப் பெருங்கையன் ஒரு காலைப்பொழுது முழுவதும் அடித்துக்கொண்டிருந்தது. முள்ளம்பன்றி ஒவ்வோர் அடியையும் புகழ்ந்தது.

கடைசியில் இரு தரப்பும் களைத்துப்போயின. குளக்கரை மருத மரத்தின் கீழ்ச் சமாதானம் பேச உட்கார்ந்தன.

"உனக்கு என்னதான் வேண்டும்?" என்றது கரடி.

நெட்டைவாலன் மேலே பார்த்தது. "இந்த மருத மரத்தில் ஒரு கூடை வேண்டும். குளத்துக் காற்றில் தட்டு திரும்பி வருகிற அழகே தனி."

"கட்டிக்கொள். எனக்கு வேண்டியது அமைதி. இனி யாரும் ஓரம் சொல்லக் கூடாது. யாரும் கத்தக் கூடாது."

"சொல்லாமல் எறிந்தால் யார் மேலாவது படுமே?"

"கண் எதற்கு இருக்கிறது?"

நெட்டைவாலன் தலையைச் சொறிந்துகொண்டது. மறுபடியும் மருதக் கிளையைப் பார்த்தது. கூடை தொங்கினால் எப்படி இருக்கும் என்று அதன் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

"சரி" என்றது.

அந்த மரத்துக்கும் மந்திகள் நின்று எறியும் புதருக்கும் நடுவில்தான் நான்கு முட்டைகள் கிடந்தன. செம்மூக்கி ஓடி வந்தது.

"என் குரலைக் கொடுத்துக் கூடை வாங்க நீங்கள் யார்?"

"உன்னை யார் கூப்பிட்டார்கள்? இது ஆடுகிறவர்களின் பேச்சு" என்றது கரடி.

"ஆடுகிறவர்கள் அடிப்பதும் எறிவதும் வந்து விழுவது என் வீட்டில். விழுகிற இடத்தில் இருப்பவளைக் கேட்காமல் எப்படிப் பேசி முடித்தீர்கள்?"

"அடைகாப்பதற்கு வாய் எதற்கு அம்மணி?" என்றது முள்ளம்பன்றி.

"துதி பாடுவதற்கு மட்டும் வாய் வைத்திருக்கிற உனக்கு அது எப்படித் தெரியும்?"

கரடி கட்டையால் தரையைத் தட்டியது. "போதும். இனி இந்த வெளியில் கத்துபவர் யாராக இருந்தாலும், மழைக்காலம் முடியும்வரை குளத்தின் அக்கரையில் போய் இருக்க வேண்டும். இது சட்டம்."

செம்மூக்கி நெட்டைவாலனைப் பார்த்தது. "உன் தட்டு எங்கே திரும்பும் என்று உனக்கே தெரியாது. நீயாவது சொல்."

நெட்டைவாலன் தன் வாலில் பேன் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

மருத மரத்தில் கூடை தொங்கியது. மறுநாள் உச்சி வெயிலில் செம்மூக்கி குளத்துக்குப் போய் வயிற்றுச் சிறகுகளை நனைத்தது. அந்த ஈரத்தால் முட்டைகளின் சூட்டைத் தணிப்பது அதன் வழக்கம். அது திரும்பி நடந்து வரும்போது, புதருக்கு மேலே தட்டை ஓங்கிய ஒரு கை தெரிந்தது. ஓங்கியது நெட்டைவாலன்தான். புதர் மறைத்ததால் அதற்கு எதிர்ப்பக்கம் தெரியவில்லை. ஓரம் என்றும் அது சொல்லவில்லை.

செம்மூக்கி அலகைத் திறந்தது. "கத்தினால் அக்கரை" என்ற நினைவு குறுக்கே வந்தது. ஒரு கணம் தயங்கியது. அந்த ஒரு கணத்தில் தட்டு பறந்து வந்து, திரும்பித் தரையைச் செதுக்கிக்கொண்டு போனது. நான்கு முட்டைகளில் ஒன்று உடைந்து வழிந்தது.

அதன் பிறகு செம்மூக்கி கத்திய கத்தலில் காடே திரும்பிப் பார்த்தது.

கரடி வந்தது. உடைந்த முட்டையைப் பார்த்தது. பிறகு மற்ற மூன்றையும் பார்த்தது.

"முதல் தடவை என்பதால் மன்னிக்கிறேன். இன்னொரு முறை கத்தினால் நீ அக்கரைக்குத்தான் போக வேண்டும்" என்றது.

"மன்னிப்பா! எனக்கா? உடைத்தவன் அதோ நிற்கிறான். உடைக்க வழி செய்த நீங்கள் இதோ நிற்கிறீர்கள். பறிகொடுத்த எனக்கு மன்னிப்பா?"

நெட்டைவாலன் மெல்லிய குரலில், "நான் வேண்டுமென்று செய்யவில்லை. காற்று திருப்பிவிட்டது" என்றது.

"காற்றா வந்து மருத மரத்தில் கூடை கேட்டது? நீ கேட்டாய்."

நெட்டைவாலன் தட்டை எடுத்துக்கொண்டு புதருக்குப் பின்னால் போனது. கூடையை அவிழ்க்கவில்லை.

செம்மூக்கி மூன்று முட்டைகளின் மேல் உட்கார்ந்தது. அக்கரைக்குப் போனால் வெயில் அவற்றை ஒரே பொழுதில் வேகவைத்துவிடும். காகம் அதுவரைகூடக் காத்திருக்காது. எனவே அது அலகை இறுக மூடிக்கொண்டது. உள்ளே கோபம் முட்டையைவிடச் சூடாக இருந்தது.

வெளியில் அமைதி நிலவியது. பெருங்கையன் மகிழ்ந்தது. அதன் அடிகள் முன்போலவே தப்பின. ஆனால் பழி போட இப்போது ஒரு கத்தலும் இல்லாததால், காற்றையும் புல்லையும் விளாங்காயின் காம்பையும் திட்டியது.

ஒரு பிற்பகல் அதிசயமாக அதன் அடிகள் தப்பவில்லை. மருத மரத்தடிக் குழிக்கு அருகில் காய் கிடந்தது. ஓர் அடியில் சேர்த்துவிட்டால், பாட்டன் ஆடிய ஆட்டத்தையே பெருங்கையன் மிஞ்சிவிடும். கரடி குனிந்தது. கட்டையைக் காயின் பின்னால் வைத்து அளவு பார்த்தது.

"ஆகா, என்ன அமைதி" என்றது முள்ளம்பன்றி.

"மூடு வாயை."

முள்ளம்பன்றி மூடிக்கொண்டது.

புதருக்கு அப்பால் ஒரு தட்டு எழும்பியது. உயரே போனது. குளத்துக் காற்று அதைப் பிடித்தது. தட்டு சாய்ந்து, வளைந்து, குனிந்திருந்த கரடியின் முகத்தை நோக்கி வந்தது.

செம்மூக்கி பார்த்தது. அதன் அலகு தானாகவே திறந்தது. அப்போது வயிற்றுக்குக் கீழே ஒரு முட்டைக்குள் ஏதோ தட்டியது. குஞ்சு ஓட்டைக் கொத்தத் தொடங்கியிருந்தது. செம்மூக்கி அலகை மூடியது. இரு சிறகுகளையும் விரித்து மூன்று முட்டைகளையும் மறைத்துக்கொண்டது.

முள்ளம்பன்றியும் தட்டைப் பார்த்தது. அதுவும் வாயைத் திறக்கவில்லை.

தட்டின் விளிம்பு கரடியின் மூக்கில் இறங்கியது. பெருங்கையன் போட்ட அலறலில் குளத்துக் கொக்குகளெல்லாம் எழுந்து பறந்தன. கட்டை ஒருபக்கம், காய் ஒருபக்கம், கரடி குளத்துச் சேற்றில் ஒருபக்கம் விழுந்தன.

மூக்கைப் பிடித்துக்கொண்டு கரடி எழுந்தது. முதலில் முள்ளம்பன்றியைப் பிடித்தது.

"பக்கத்தில்தானே நின்றாய்! ஒரு வார்த்தை சொல்ல முடியாதா?"

"வாயை மூடச் சொன்னீர்கள் ஐயா. மூடியிருந்தேன். அழகாகவும் மூடியிருந்தேன்."

கரடி செம்மூக்கியின் பக்கம் திரும்பியது. "நீ பார்த்தாய்."

"பார்த்தேன்."

"புல் அசைந்தாலே உனக்குத் தெரியும். கத்தியிருந்தால் நான் ஒதுங்கியிருப்பேன்."

"கத்தியிருந்தால் நான் எங்கே போயிருப்பேன்? அதைச் சொன்னவர் நீங்கள்தான். ஆமாம், இப்போது இந்த வெளியில் கத்தியது யார்?"

கரடி விழித்தது. புதரைத் தாண்டி வந்த மந்திகள் நின்றன. அவற்றின் நடுவில் நெட்டைவாலன் தலை குனிந்து நின்றது.

"நான் வலியில் கத்தினேன்" என்றது கரடி.

"நானும் அன்றைக்கு அதற்குத்தான் கத்தினேன்."

யாரும் சிரிக்கவில்லை. கரடி குளத்தின் அக்கரையைப் பார்த்தது. அங்கே முட்புதரும் வெறும் பாறையும்தான் இருந்தன. மழைக்காலம் இன்னும் தொடங்கவே இல்லை.

"அக்கரைக்குப் போவது நீங்களா, உங்கள் சட்டமா? இரண்டில் ஒன்று போக வேண்டும்" என்றது செம்மூக்கி.

மூக்கிலிருந்து ரத்தம் சொட்டியது. "சட்டம் போகட்டும்" என்றது கரடி.

நெட்டைவாலன் மருத மரத்தில் ஏறியது. கொடியைப் பல்லால் கடித்துக் கூடையை அறுத்தது. அதைச் செம்மூக்கியின் முன்னால் கொண்டுவந்து வைத்தது. "இதை அன்றைக்கே அவிழ்த்திருக்க வேண்டும். பொறுத்துக்கொள்" என்றது.

"சட்டமும் கூடையும் போய்விட்டன. இனி எங்களை மன்னித்துவிட்டாய் அல்லவா?" என்று கரடி கேட்டது.

"நான்காவது முட்டையிலிருந்து ஒரு குஞ்சு எழுந்து நடந்து வரட்டும். அதனிடம் கேளுங்கள்" என்றது செம்மூக்கி. முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தது.

மூன்று குஞ்சுகள் பொரிந்தன. ஈரம் காய்ந்ததும் அவை தாயின் பின்னால் புல்வெளியின் குறுக்கே ஓடின. எதிரே பெருங்கையன், வீங்கிய மூக்கோடு, "ஓரம்! ஓரம்!" என்று எல்லோரையும்விட உரக்கக் கூவிவிட்டுக் கட்டையை ஓங்கியது. செம்மூக்கி ஒரு குரல் கத்தியது. ஓங்கிய கட்டை உடனே இறங்கியது. மூன்று குஞ்சுகளும் கடந்து முடியும்வரை கரடி அசையாமல் நின்றது. செம்மூக்கி அதன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தன் சுகத்துக்காக அடுத்தவரின் அபயக்குரலை அடக்குகிறவன், தனக்கு ஆபத்து வரும் நாளில் எச்சரிக்க ஒரு குரலும் இல்லாமல் நிற்பான்.