வரிசையை மாற்றியது யார்

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தொன்று, சீடருக்கு நாற்பத்தெட்டு. தாடி சீடருக்குத்தான்.

குருவின் பெயர் சிவகாமி. கடலோரத்தில் தண்ணீர்த் தட்டுப்பாடு தீராத ஓர் ஊரில், குடிநீர் லாரி எந்தத் தெருவுக்கு முதலில் போகவேண்டும் என்று சொல்லும் புரோகிராமை எழுதும் சின்னக் கம்பெனியில் அவர்தான் மூத்தவர். சீடர் செல்வின் அதற்குமுன் லாரி செட்டில் வண்டி அனுப்பிக்கொண்டிருந்தவர். இந்த வயதில் கோடிங்கா என்று வீட்டில் சிரித்தார்கள். அவர் நன்றாகவே கற்றுக்கொண்டார். ஆளைச் சந்தேகப்படுவதை மட்டும் அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

செல்வின் எழுதிய ஃபங்ஷன், அதாவது புரோகிராமின் ஒரு துண்டு, தண்ணீர் வந்து அதிக நாளான தெருவை முதலில் வைத்து, எல்லாத் தெருக்களையும் அரே என்ற பட்டியலில் வரிசையாக அடுக்கும். பக்கத்து மேஜை ஜெசிந்தாவின் ஃபங்ஷன் அந்த அரேயை வாங்கி, கம்பெனி வாசலில் ஒட்டுவதற்கு ஓர் அறிவிப்பு தயார் செய்யும். அதன்பிறகு அரே டிரைவர்களின் போனுக்குப் போகும்.

ஜெசிந்தா வேலைக்குப் புதுசு. அவளுடைய ஃபங்ஷன் சேர்ந்த மறுநாளே தகராறு வந்தது. வேப்பங்காட்டுக்கு முதலில் போகவேண்டிய லாரி அந்தோணியார் கோயில் தெருவுக்குப் போய் நின்றது. வேப்பங்காட்டில் குடத்தோடு காத்திருந்தவர்கள் திட்டிவிட்டுத் திரும்பினார்கள். ஜெசிந்தாவின் வீடு அந்தோணியார் கோயில் தெருவில்.

அன்றிலிருந்து செல்வின் அவளைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தார். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். டீ குடிக்கப் போனவள் வெளியே நின்று யாரிடமோ மெதுவாகப் பேசினாள். அவள் ஸ்கூட்டியில் ஒரு தண்ணீர் கேன் இருந்தது. அந்த ஊரில் கேன் இல்லாத ஸ்கூட்டி கிடையாது என்பது அவருக்கு நினைவு வரவில்லை.

ஆனால் அவர் கையில் ஆதாரமும் இருந்தது. அதைச் சிவகாமியிடம் சொன்னார்.

"என் ஃபங்ஷன்ல இருந்து வெளிய வரும்போது வேப்பங்காடுதான் முதல்ல இருக்கு மேடம். அந்தப் பிள்ளைகிட்ட போயிட்டு வந்தா மாறிருது. ரெண்டு தடவையும் பிரிண்ட் எடுத்துப் பாத்துட்டேன்."

"முதல் பேரு மாறிருக்கு. ரெண்டாவது?"

"அதைப் பாக்கலை. முதல் பேரு போதாதா?"

சிவகாமி தன் திரைக்குத் திரும்பினார். இவரும் அவளுக்கு உடந்தையோ என்று செல்வினுக்கு அப்போதே லேசாகத் தோன்றியது.

அவர் முதலாளிக்கு ஒரு புகார் எழுதினார். முதலாளிக்கு விசாரிக்கும் பழக்கம் இல்லை. புகார் போனால் ஜெசிந்தாவின் வேலை அன்றே போய்விடும், ஊரைத் தண்ணீரில் ஏமாற்றியவள் என்ற பெயரோடு. அது செல்வினுக்கும் தெரியும். கம்பெனியில் எல்லோரும் பயன்படுத்தும் ஆன்லைன் டாக்குமெண்டில் அதை டைப் செய்து, அனுப்பும் முன் படித்துப் பார்க்கும்படி சிவகாமிக்கு லிங்க் அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனார்.

திரும்பி வந்து திறந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜெசிந்தா என்று இருந்த இடத்திலெல்லாம் செல்வின் என்று இருந்தது.

நேராகச் சிவகாமியிடம் போனார். அந்தப் பிள்ளை தன் புகாருக்குள்ளேயே புகுந்துவிட்டாள், இனி ஒரு நிமிஷம்கூட அவளை இங்கே வைத்திருக்கக் கூடாது என்று படபடத்தார்.

"அவ இல்லை அண்ணாச்சி. நான்தான் மாத்தினேன்."

செல்வினுக்குக் கோபம் வந்தது. "படிச்சுப் பாக்கத்தானே தந்தேன்?"

"எதைத் தந்தீங்க?"

"புகாரை."

"புகாரையா தந்தீங்க? ஒரு நகல் அனுப்பிருந்தா, நான் அதுல கிறுக்கிருப்பேன், உங்களது அப்படியே இருந்திருக்கும். நீங்க அனுப்பினது லிங்க். அது இருக்கிற இடம்."

செல்வின் நின்றார். பிறகு தன் நாற்காலிக்குப் போய்க் கோடிங்கைத் திறந்தார்.

ஜெசிந்தாவின் ஃபங்ஷனை அழைக்கும் வரி அவர் எழுதியதுதான். அந்த வரியில் அரேயின் பெயருக்கு முன்னால் ஒரு சின்னச் சாய்கோடு இருந்தது. அரேயை நகலெடுக்காமல், அது இருக்கும் இடத்தை மட்டும் அனுப்பும் கோடு. வேகமாக ஓடும் என்று எங்கோ படித்துவிட்டுப் போட்டிருந்தார். ஜெசிந்தாவிடம் சொல்லவில்லை.

சிவகாமி அவர் பின்னால் வந்து நின்றார்.

"மாறின வரிசையைக் கடைசி வரைக்கும் வாசிங்க."

செல்வின் வாசித்தார். "அந்தோணியார் கோயில் தெரு. ஆசாரிமார் தெரு. இரும்புக்கடைச் சந்து. உப்பள ரோடு..." வாசிக்க வாசிக்கக் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. கடைசிப் பெயர் வேப்பங்காடு.

வாசலில் நிற்பவர்கள் தங்கள் தெருவைச் சட்டென்று கண்டுபிடிக்கட்டும் என்று ஜெசிந்தா அகர வரிசையில் அடுக்கியிருந்தாள். தன்னிடம் வந்தது நகல்தான் என்று நம்பி அடுக்கியிருந்தாள். ஆனால் அவள் அடுக்கியது டிரைவர்களுக்குப் போகும் ஊரின் வரிசையையே.

பக்கத்து மேஜையில் ஜெசிந்தா ஏதோ டைப் செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. செல்வினுக்கு அவள் பக்கம் திரும்ப வெட்கமாக இருந்தது.

அவர் அந்தச் சாய்கோட்டை அழித்தார். ஓட்டிப் பார்த்தார். வேப்பங்காடு முதலில் வந்தது. வாசலுக்கான அறிவிப்பு அகர வரிசையிலேயே இருந்தது.

பிறகு புகாரைத் திறந்தார். ஒவ்வொரு வரியிலும் அவர் பெயர். எழுத்து அவருடையது, குற்றச்சாட்டு அவருடையது. அவர் கை மவுஸ் மேல் இருந்தது.

"இதை அழிச்சிரட்டுமா மேடம்?"

சிவகாமி திரையில் இருந்த அவர் பெயரைத் தொட்டுக் காட்டினார்.

"ஜெசிந்தா பேரு இருந்த வரைக்கும் அழிக்கணும்னு உங்களுக்குத் தோணலையே, அண்ணாச்சி."