ரெஜினுக்குக் கால் பார்த்த கதை

மணக்காட்டுத்துறைக்காரர்களுக்குப் பந்து என்றால் உயிர். இதை அவர்களே சொல்லிக்கொள்வார்கள். யாருடைய உயிர் என்றுதான் சொல்வதில்லை.

அந்தக் கடற்கரை ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கிளப்புக்குப் புதிதாக ஓர் ஆட்டக்காரனைச் சேர்ப்பதற்கு முன்னால், அவனை மைதானத்தின் நடுவில் பெஞ்சு போட்டு உட்கார வைப்பார்கள். ஊரே சுற்றி நிற்கும். வர்ம வைத்தியம் பார்க்கும் ஆசான் வந்து அவன் கணுக்காலையும் முழங்காலையும் தொடை நரம்பையும் பிடித்துப் பார்ப்பார். "நல்ல கால்" என்று அவர் சொன்னால் ரசிகர்கள் கை தூக்கி முடிவெடுப்பார்கள். "ஆகாது" என்று சொன்னால் பையன் வந்த பஸ்ஸிலேயே திரும்ப வேண்டியதுதான். இதற்குக் கால் பார்த்தல் என்று பெயர். சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அந்த ஊரில் ஒருத்தரும் கேட்டதில்லை.

அப்போது ஆசானாக இருந்தவர் சுவக்கின். நாற்பது வயதுதான். அவருடைய சீடர் தாசையன் அவரைவிட மூத்தவர். ஐஸ் பிளாண்டில் வேலை. முட்டு வலி என்று வைத்தியத்துக்கு வந்தவர், வலி போன பிறகும் போகவில்லை. ஆசானிடமே தொழில் கற்றுக்கொள்ள உட்கார்ந்துவிட்டார். கிளப்பின் ரசிகர் மன்றத் தலைவரும் அவர்தான்.

ஒருநாள் தாசையன் மூச்சிரைக்க வந்தார்.

"ஆசானே, எனக்கு ரெத்தம் கொதிக்குது."

"உக்காரும். என்ன விசயம்?"

"ரெஜின்னு ஒரு பய. பக்கத்து ஊரு. பத்தொம்பது வயசு. கால்ல பந்து கிட்டுனா கோலுதான். நம்ம கிளப்புல சேரணும்னு அவனே கேக்கான். இங்க ஒரு சீசன் ஆடுனா மாநில டீமுக்கு எடுப்பாங்கல்லா, அதுக்காக்கும். இப்பிடி ஒருத்தன விடலாமா? ஆனா ஊரு ரெண்டா நிக்குது."

"ஏன்?"

"ஒருத்தன் எடது கால்ல அடி இல்லேங்கான். ஒருத்தன் தலையால அடிக்கத் தெரியலேங்கான். நெஞ்சு அகலம் காணாதுன்னு ஒருத்தன். அவனுக்க நெஞ்ச போயி அளந்துட்டு வந்தவன மாதிரி! இவனுவ வாசல்ல நிக்கிற வேப்பமரத்தத் தாண்டி ஓட முடியுமா ஆசானே?"

ஆசான் சிரிக்கவில்லை.

"எல்லாத்தையும் பேசிச் சரியாக்கிரலாம். பெர்க்மான்ஸ் மட்டும் எறங்கி வர மாட்டேங்கான். ஏன்னு கேட்டா காரணம் சொல்ல மாட்டான். வேண்டாம், அவ்வளவுதான். எனக்குத் தெரியாதா? அவனுக்க மவன் நின்ன எடத்துல வேற ஒருத்தன் வந்து நிக்கது பொறுக்கல."

பெர்க்மான்ஸின் மகன் சுபின். மூன்று சீசனுக்கு முன்னால் இதே கிளப்பின் ஸ்ட்ரைக்கர். அவனையும் இப்படித்தான் கொண்டாடினார்கள். தோளில் தூக்கிக்கொண்டு கோயில் வரைக்கும் போனார்கள். ஓர் இறுதி ஆட்டத்தில் ஆளில்லாத கோலை அவன் தவறவிட்டான். அதற்குப் பிறகு அவன் பந்தைத் தொட்டாலே ஊளையிட்டார்கள். அவன் முகத்தை வைத்து வாட்ஸப்பில் ஸ்டிக்கர் செய்து அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் அவனுக்குக் கால் எழும்பாமல் போயிற்று. பந்து முன்னால் கிடக்கும், இவன் நிற்பான். இப்போது துபாயில் ஒரு கடையில் இருக்கிறான். லீவில் வந்தால்கூட மைதானம் இருக்கிற தெரு வழியாக நடப்பதில்லை.

ஊர் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தது. காலில் ஏதோ உள்கோளாறு, ஆசான் சரியாகப் பார்க்கவில்லை. அவ்வளவுதான், எல்லாரும் நிம்மதியாகத் தூங்கப் போனார்கள்.

தாசையனுக்கு அதுதான் உறுத்தியது.

"நேரா கேக்கேன் ஆசானே. சுபினுக்கக் கால்ல உண்மையிலேயே கோளாறு இருந்துச்சா? இருந்துச்சுன்னா சொல்லுங்க. இல்லேன்னா இப்பவே போயி ஒவ்வொருத்தன் சட்டையையும் பிடிக்கேன். ஒங்களப் பத்திப் பேச இவனுவளுக்கு என்ன தகுதி இருக்கு?"

ஆசான் தைலக் குப்பியை மூடி வைத்தார்.

"ஞாயித்துக்கெழம பெஞ்சு போடச் சொல்லும். அந்தப் பயலையும் வரச் சொல்லும்."

"நான் கேட்டதுக்குப் பதிலு?"

"அன்னைக்குத்தான்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊர் மைதானத்தில் கூடியது. ரெஜின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஒல்லியான உடம்பு. முதல் தடவை இந்த ஊர் மைதானத்துக்கு வருகிறவன் என்பதால் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தான். பேன்ட்டை முட்டுக்கு மேலே சுருட்டச் சொன்னார்கள். சுருட்டினான். பெண்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அவன் தலை குனிந்துகொண்டான்.

ஆசான் பெஞ்சுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"நல்ல கால்."

மைதானம் அதிர்ந்தது. தாசையன் கிளப் கொடியைத் தலைக்கு மேலே சுழற்றினார். எதிர்க்கட்சியில் பாதிப் பேர் அந்த நிமிடமே கட்சி மாறினார்கள். பெர்க்மான்ஸ் கோல் கம்பத்துக்குப் பின்னால் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தனியாக நின்றார்.

"கை தூக்கலாமா ஆசானே?"

"பொறும். மூணு பந்து அடிக்கட்டும். அத பாத்துட்டு தூக்குங்க."

ஆசான் ரெஜினின் தோளில் கை போட்டு, காதில் ஏதோ சொன்னார். பையன் திடுக்கிட்டு அவர் முகத்தைப் பார்த்தான். ஆசான் தலையசைத்தார்.

கோல்கீப்பரைக்கூட நிறுத்தவில்லை. வெறும் கோல். ரெஜின் ஓடி வந்து அடித்தான். பந்து கம்பத்துக்கு வெளியே போய் முள்ளுக்காட்டில் விழுந்தது.

"பரவாயில்ல மக்களே, காத்து!" என்று தாசையன் கத்தினார்.

பந்தை எடுத்துக் கொடுக்க ஒருத்தரும் அசையவில்லை. ரெஜினே ஓடிப்போய், முள்ளை விலக்கி எடுத்துக்கொண்டு வந்தான். புறங்கையில் கீறியிருந்தது.

இரண்டாவது பந்து கம்பத்துக்கு மேலே போயிற்று.

"லேய், ஆளில்லாத கோலுலே!"

"இஸ்திரி போட்ட சட்டைய பாரு, எளவு."

"நான் அப்பவே சொன்னேன்லா, நெஞ்சு காணாதுன்னு."

மறுபடியும் அவனே ஓடினான். இந்தத் தடவை அவன் முள்ளுக்குள் குனிந்தபோது நாலைந்து பேர் சிரித்தார்கள்.

மூன்றாவது பந்து தரையோடு உருண்டு, கோலுக்கு ஒரு கஜம் தள்ளிப் போயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதவே கூசுகிறது. ஏச்சில் அவன் அம்மாவை இழுத்தார்கள். ஊரை இழுத்தார்கள். இருபது நிமிடத்துக்கு முன்னால் அவன் பெயரைச் சொல்லி ஆடியவர்கள்தான். வேறு யாரும் வெளியிலிருந்து வரவில்லை. எல்லாருக்கும் முன்னால் நின்று, எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியவர் தாசையன்.

"ஒன்னய நம்பி ஊரு முழுக்க சண்ட போட்டேனேலே! என் மானத்த வாங்கிட்டியேலே! தேவாங்கு, எறங்குலே கிரவுண்ட விட்டு!"

கையிலிருந்த கொடியைச் சுருட்டி அவன்மேல் எறிந்தார். அது ரெஜினின் முதுகில் பட்டு விழுந்தது. அவன் திரும்பிப் பார்க்காமல் அப்படியே நின்றான்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே பெர்க்மான்ஸ் முள்ளுக்காட்டுக்குள் இறங்கினார். பந்தை எடுத்தார். மண்ணைத் தன் கைலியில் துடைத்தார். நடந்து வந்து பையன் கையில் கொடுத்துவிட்டு, பேசாமல் பழைய இடத்துக்கே திரும்பிப் போனார்.

ஆசான் கையை உயர்த்தினார். கூட்டம் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"மூணையும் வெளிய அடிக்கச் சொன்னது நான்."

யாருக்கும் முதலில் புரியவில்லை. புரிந்ததும் கோபம் ஆசான் பக்கம் திரும்பியது. வெட்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

"இது ஏமாத்து வேலையாக்கும்!" என்றார் தாசையன். முகமெல்லாம் சிவந்திருந்தது. "நாங்க என்ன கோமாளியளா? பொய்யா அடிச்ச பந்துக்கு எங்கள ஏச வச்சிட்டு!"

"பந்துதான் பொய்யி. ஏச்சு உள்ளதுதான்."

கூட்டத்தின் பின்னாலிருந்து யாரோ, "சரி, நல்ல காலுன்னு ஆசானே சொல்லியாச்சு. கை தூக்குங்க, பயல சேத்துருவோம்" என்றான். மளமளவென்று கைகள் உயர்ந்தன. ஒன்றுமே நடக்காத மாதிரி! அம்மாவை இழுத்த அதே வாய்கள் இப்போது "ரெஜின், ரெஜின்" என்றன.

ஆசான் பையனிடம் திரும்பினார்.

"அவங்க கை தூக்கியாச்சு. இனி நீ சொல்லு. இவங்க ஒனக்கு வேணுமா?"

இப்படி ஒரு கேள்வி அந்த மைதானத்தில் அதுவரை எழுந்ததில்லை. ரெஜின் பந்தைப் பார்த்தான். அவனுக்கு வரவேண்டும் என்று ஆசைதான். அது முகத்திலேயே தெரிந்தது. மாநில டீம் சட்டை அவன் கண்ணுக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் கோல் கம்பத்தின் பக்கம் கையைக் காட்டினான்.

"அந்த மாமா வான்னு சொன்னா வாறேன்."

எல்லாத் தலைகளும் திரும்பின. பெர்க்மான்ஸ் இதை எதிர்பார்க்கவில்லை.

"சொல்லும்வே!" "ஒத்த வார்த்த சொல்லும்!" "வீம்பு பிடிக்காதயும்!"

பெர்க்மான்ஸ் கூட்டத்தைப் பார்க்கவில்லை. பையனை மட்டும் பார்த்தார்.

"நீ நல்லா ஆடுவ மக்களே. நாலு ஆட்டம் ஒளிஞ்சு நின்னு பாத்திருக்கேன். இங்க வேண்டாம். வேற எங்கயாம் போயி ஆடு."

அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ரெஜின் பேன்ட்டைக் கீழே இறக்கிவிட்டான். ஆசானைக் கும்பிட்டான். மைதானத்தைக் கடந்து ரோட்டுக்கு நடந்தான். பந்து அவன் கையில் இருந்தது.

"லேய், அது கிளப் பந்துலே! வச்சிட்டுப் போலே!" என்று ஒருத்தன் கத்தினான். இவர்களுக்கு அந்த நேரத்தில் அதுதான் போனதாகத் தெரிந்தது.

கூட்டம் கலைந்த பிறகு ஆசானும் சீடரும் மட்டும் இருந்தார்கள். தாசையன் அதே பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே இன்னும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

"கெடுத்துட்டான் ஆசானே. பெர்க்மான்ஸ் கெடுத்துட்டான். கையில வந்த பயல வெரட்டி விட்டுட்டான்."

ஆசான் கீழே கிடந்த கொடியை எடுத்து உதறினார்.

"நான் ஏசுனேன், சரி. ஒத்துக்கிடுதேன். ஆனா நான் அவன் பக்கம் நின்ன ஆளுல்லா? அவனுக்காக எத்தன பேருட்ட மல்லுக்கட்டுனேன்!"

"ஆமா. அதான் ஒம்ம சத்தம் எல்லாத்துக்கும் மேல கேட்டுது."

தாசையன் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். தணிந்த குரலில் கேட்டார்.

"அப்ப சுபினுக்கக் காலு?"

"நல்ல காலுதான். இப்பவும் நல்ல காலுதான்."

கடல் பக்கமிருந்து காற்று வந்தது. தாசையன் எழுந்து நின்றார். என்ன இருந்தாலும் அவர் மன்றத் தலைவர்.

"சீசன் தொடங்கப் போவுது. ஸ்ட்ரைக்கர் இல்லாம முடியாது. தெக்க ஒரு பய இருக்கான்னு சொல்லுதாங்க. அடுத்த ஞாயித்துக்கெழம கொண்டு வாறேன். கால் பாப்பீங்கல்லா ஆசானே?"

ஆசான் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வெளிய போன பந்த ஏசாம எடுத்துக் குடுக்க, இந்த ஊருல பெர்க்மான்ஸ் ஒருத்தன் இருக்கான். ரெண்டாவது ஆளு கெடைச்ச பெறவு வாரும். கால் பாத்துச் சொல்லுதேன்."